பட்டறைக்குத் திரும்பிப் போய் வேலை பழக நினைக்கிறேன், வழி சொல்லுங்கள்

ஓமலூர் வெல்டிங் பயிற்றுநர்:

வணக்கம். எங்கள் தொழிற்பயிற்சி நிலையத்தில் தேர்வு முடிந்து அடுத்த சேர்க்கை தொடங்கும்வரை கொஞ்சம் இடைவெளி கிடைக்கும். அந்த நாட்களில், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் வேலை நடக்கும் பட்டறை ஒன்றில் நின்று வேலை பழக விரும்புகிறேன். சம்பளம் வேண்டாம். சேலம் சுற்றுவட்டாரத்தில் ஒரு பயிற்றுநரை இப்படிச் சேர்த்துக்கொள்வார்களா? யாரிடம், எப்படிப் போய்க் கேட்பது? நிர்வாகத்திடம் என்ன சொல்லி அனுமதி வாங்குவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நான் ஐ.டி.ஐ. முடித்த கையோடு நாமக்கல் பக்கம் லாரி பாடி கட்டும் பட்டறையில் சேர்ந்தவன். அடுத்து திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வேலை. பிறகுதான் கிண்டியில் ஓராண்டு பயிற்றுநர் பயிற்சி முடித்து இந்தப் பணிக்கு வந்தேன். மைல்ட் ஸ்டீலை, அதாவது சாதாரண இரும்பை, தலைக்குமேல் வைத்துப் பற்றவைக்கச் சொன்னாலும் செய்வேன், மாணவர்களையும் செய்யவைத்துவிடுவேன். ஆனால் நான் வேலை பார்த்த இடங்களில், ஆர்கான் வாயுத் திரைக்குள் பற்றவைக்கும் டிக் வெல்டிங் மிஷின் உறைபோட்டு மூலையில் இருக்கும். இன்று என் மாணவர்களைத் தேடி வருகிற பட்டறைக்காரர்கள் முதலில் கேட்பதே "டிக் பிடிப்பானா?" என்றுதான்.

இந்த யோசனை வந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். பால் பண்ணைகளுக்குக் குழாயும் தொட்டியும் செய்து தரும் ஒரு பட்டறையில் என் மாணவன் அப்ரண்டிஸாக இருக்கிறான். அவனைப் பார்க்கப் போயிருந்தேன். முதலாளி அவன் பற்றவைத்த இரண்டங்குலக் குழாயை என் கையில் கொடுத்தார். வெளிப்பக்கம் வெல்டிங் தடம் சீராக, இளமஞ்சள் நிறத்தில், குறை சொல்ல இடமில்லாமல் இருந்தது. பிறகு அதை வாங்கி நீளவாட்டில் அறுத்து இரண்டாகப் பிளந்து காட்டினார். உள்ளே, தடத்தின் பின்புறம் முழுக்கக் கறுத்துப் பொருக்குத் தட்டியிருந்தது. விரலால் தடவினால் மணல் போல நெருடியது. உள்பக்கம் காற்றைத் தள்ளி நிறுத்தும் ஆர்கான் போதாமல், சிவந்த உலோகத்தில் காற்றுப் பட்டதால் வந்த வினை. அந்தப் பொருக்கில் பால் தங்கினால் எத்தனை முறை கழுவினாலும் போகாது. கிருமி அங்கேதான் வளரும், துருவும் அங்கேதான் தொடங்கும்.

குழாய்க்குள் ஆர்கான் விட வேண்டும் என்பதை நான் கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன். அவனும் நோட்டில் எழுதியிருக்கிறான். இருவரில் ஒருவரும் கையால் அதைச் செய்ததில்லை. எங்களிடம் இருப்பது ஒரு டிக் மிஷின், ஒரு சிலிண்டர். சிலிண்டர் தீர்ந்தால் அடுத்தது வரும்வரை காத்திருக்க வேண்டும். தட்டையான தகட்டில் ஆளுக்கு இரண்டு தடம் போடுவதற்குள் வாயு முடிந்துவிடுகிறது. குழாய்க்குள் விட எங்கே போவது?

உடன் பணியாற்றுபவர்கள் இணையத்தில் இன்னொரு படிப்பு முடிக்கச் சொல்கிறார்கள். சான்றிதழ்கள் என்னிடம் போதுமான அளவு இருக்கின்றன. எனக்கு வேண்டியது அந்த வேலையைத் தினமும் செய்கிற ஒருவருக்குப் பக்கத்தில் நிற்பது. இரும்பாலை இருக்கும் ஊர் இது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு இங்கேயே உருண்டு வெளியே வருகிறது. அந்தத் தகட்டில் வேலை செய்யத் தெரிந்த பிள்ளைகளை இங்கே உருவாக்க முடியவில்லை என்றால் அதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. சேர்வராயன் மலைக் கிராமங்களிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து இறங்கி வரும் மாணவர்கள் என் வகுப்பில் இருக்கிறார்கள். வெல்டர் பிரிவு ஓராண்டுதான். அதற்குள் நான் காட்டாததை அவர்களுக்கு வேறு யார் காட்டுவார்கள்?

கொண்டலாம்பட்டி பட்டறைக்காரர்:

சார், தாராளமாக வாருங்கள். சேகோ (ஜவ்வரிசி) ஆலைத் தொட்டிகள், பால் குழாய்கள், ஓட்டல் அடுப்படி வேலை எல்லாம் எங்களிடம் நடக்கிறது. ஆனால் இரண்டு விஷயங்களை முன்கூட்டியே பேசிக்கொள்வோம்.

முதலாவது, விருந்தாளியாக வராதீர்கள். அப்ரண்டிஸைப் பார்க்க வருகிற பயிற்றுநர்கள் பலர் டீ குடித்துவிட்டு, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். நீங்கள் குழாயைப் பிளந்து பார்க்கும்வரை நின்றிருக்கிறீர்கள், அதனால்தான் பதில் எழுதுகிறேன். எங்கள் இடத்தில் முதலில் கிரைண்டிங், பிறகு பொருத்துவது, அசையாமல் நிற்க அங்கங்கே புள்ளியாகப் பற்றவைத்து டேக் போடுவது, கடைசியில்தான் முழுத் தடம் போட டார்ச். மைல்ட் ஸ்டீல் தேய்த்த டிஸ்க்கையோ பிரஷ்ஷையோ ஸ்டெயின்லெஸ்ஸில் வைத்தால் எங்கள் மூத்த வெல்டர் யாராக இருந்தாலும் சத்தம் போடுவார். இரும்புத் தூள் ஒட்டிக்கொண்டால் பத்து நாளில் புள்ளிபுள்ளியாகத் துரு கிளம்பி, வாடிக்கையாளர் தொலைபேசியில் கத்துவது என் காதில்தான் விழும்.

இரண்டாவது, எனக்கும் உங்களால் ஒரு காரியம் ஆக வேண்டும். அந்த மூத்த வெல்டர் அம்மாப்பேட்டைக்காரர், நெசவுக் குடும்பம், எட்டாம் வகுப்போடு நின்றவர். குழாயின் இரண்டு முனைகளையும் பஞ்சு அடைத்து டேப் ஒட்டுவார். ஆர்கான் குழலை எப்போதும் அடிப்பக்கமாகச் செருகுவார், காற்று வெளியேறும் துளையை மேல்பக்கம் வைப்பார். கொஞ்ச நேரம் கழித்துத் துளை அருகே தீக்குச்சியைக் காட்டுவார். அது அணைந்த பிறகுதான் டார்ச்சைக் கையில் எடுப்பார். அவர் தடம் உள்ளே வெள்ளியாக இருக்கும். ஏன் அடியில் செருகுகிறீர்கள் என்று கேட்டால், "அப்படித்தான் செய்யணும்" என்பார், அவ்வளவுதான். எங்களிடம் இருக்கும் அப்ரண்டிஸ் பையனிடம் ஆர்கான் காற்றைவிடக் கனமானதா என்று கேட்டுப் பாருங்கள், "ஆமாம், சுமார் 1.4 மடங்கு" என்று பட்டென்று சொல்வான். ஆனால் குழலை மேல்பக்கம் செருகிவிட்டு, கீழ்ப்பக்கத் துளை வழியாகப் பாதி ஆர்கானை வீணடிப்பான். ஒருவருக்குக் கை இருக்கிறது, இன்னொருவனுக்குக் காரணம் தெரிகிறது. இருவரும் என் பட்டறையில்தான் நிற்கிறார்கள். ஒருவரிடம் இருப்பது மற்றவருக்குப் போய்ச் சேரவில்லை. என்னால் சேர்த்துவைக்கவும் முடியவில்லை, எனக்கு அந்த வித்தை தெரியாது.

நீங்கள் வந்தால் ஞாயிற்றுக்கிழமை காலை என் ஆட்களுக்கு வகுப்பு எடுங்கள். 304 ரக ஸ்டெயின்லெஸ் தகட்டுக்கு 308எல் ரக ஃபில்லர் (உருக்கிச் சேர்க்கும் கம்பி) ஏன், வரைபடத்தில் வெல்டிங்கைக் காட்டும் அந்த அம்புக்குறிக்கு மேலும் கீழும் இருக்கும் குறிகள் என்ன, பெரிய கம்பெனி அனுப்பும் செயல்முறைத் தாளை எப்படிப் படிப்பது, இதெல்லாம் வேண்டும். அந்தத் தாளைப் படிக்கத் தெரியாததால்தான் நல்ல வேலைகள் சில எங்களைவிட்டுப் போகின்றன. உங்களுக்கு வேலை, எங்களுக்கு வகுப்பு. கணக்கு சரியாகிவிடும்.

அஸ்தம்பட்டி, ஓய்வுபெற்ற பயிற்சி அலுவலர்:

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்து மகிழ்ந்தேன். பணிக்காலம் முழுவதும் லேத் வேலை கற்றுத்தரும் டர்னர் பிரிவில் இருந்தவன் நான். பட்டறைக்குப் போங்கள், ஆனால் அங்கிருந்து கையை மட்டும் பழக்கிக்கொண்டு திரும்பினால் போதாது.

நல்ல தொழிலாளி நல்ல பயிற்றுநராகிவிடுவார் என்று நினைத்து நிலையங்கள் ஏமாந்ததை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கைதேர்ந்தவருக்குத் தாம் செய்வதில் பாதி தமக்கே தெரியாது. லேத்தில் மரை வெட்டும்போது என் காது முன்னால் ஓடும்; டூல் மழுங்கினால் சத்தம் மாறும், சுருள் நிறம் மாறும். நான் அதைச் சொல்லித்தராத வரைக்கும் மாணவர்கள் அளவுகோலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கண்ணும் காதும் எங்கே இருக்கின்றன என்று நானே என்னைக் கவனித்து எழுதிவைத்த பிறகுதான் பாடம் பாடமானது. அந்த அம்மாப்பேட்டை வெல்டர் விஷயத்தில் உங்கள் வேலை அதுதான். உருகி நிற்கும் உலோகக் குமிழைப் பார்க்கிறாரா, அதன் முன்விளிம்பைப் பார்க்கிறாரா? ஃபில்லர் ராடை எடுக்கும்போது அதன் நுனியை வாயுத் திரைக்குள்ளேயே வைத்திருக்கிறாரா? குழாய் சூடேறியதும் கரண்டைக் குறைக்கிறாரா, வேகத்தைக் கூட்டுகிறாரா? டார்ச்சை அணைத்த பிறகு எவ்வளவு நேரம் அதே இடத்தில் பிடித்திருக்கிறார்? அவரிடம் கேட்காதீர்கள், சொல்லத் தெரியாமல் சங்கடப்படுவார். பார்த்து எழுதுங்கள், மாலையில் படித்துக்காட்டுங்கள். "இல்லை, அப்படி இல்லை" என்று அவர் திருத்துகிற இடத்தில்தான் உங்களுக்குப் பாடம் கிடைக்கும்.

ஏட்டுச் சுரைக்காய் என்று ஏட்டையும் தள்ளிவிடாதீர்கள். அந்த அப்ரண்டிஸ் பையன் 1.4 மடங்கு என்று சொன்னது வீண் அல்ல. அவன் கையில் குழலைக் கொடுத்து, "கனமான வாயுவை எந்தப் பக்கம் விட்டால் காற்று மேலே தள்ளப்படும்?" என்று ஒரே ஒரு முறை கேட்க ஆள் இல்லாமல் போனதுதான் குறை.

நிர்வாகத்துக்கு வருவோம். பயிற்றுநர் பணிக்கு, தேசியத் தொழிற்சான்றிதழ் பெற்றவரென்றால் 3 ஆண்டு, டிப்ளமோ என்றால் 2 ஆண்டு, பட்டம் என்றால் 1 ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். வாசலில் இவ்வளவு கறாராகக் கேட்டுவிட்டு, உள்ளே வந்தவர் எத்தனை வருடம் பட்டறைப் பக்கமே போகாமல் இருந்தாலும் ஏனென்று கேட்பாரில்லை. கிண்டியில் குறுகிய காலப் புத்தாக்கப் பயிற்சிகள் உண்டு, வாய்ப்பு வந்தால் விடாதீர்கள். ஆனால் அதுவும் பயிற்சிக்கூடம்தான், அங்கே வாடிக்கையாளர் வந்து குழாயைப் பிளந்து பார்க்க மாட்டார்.

உங்கள் முதல்வரிடம் 'எனக்குப் பழக வேண்டும்' என்று கேட்காதீர்கள். 'மாணவர்களுக்கு வேலைவாய்ப்பு உறுதிசெய்ய ஒரு பட்டறையோடு தொடர்பு ஏற்படுத்துகிறேன்' என்று எழுதிக் கொடுங்கள். இரட்டை முறைப் பயிற்சித் திட்டத்தில், நிலையமும் தொழிற்சாலையும் ஒப்பந்தம் போட்டு மாணவர்களைச் சில மாதம் அங்கேயே பழகவைக்கலாம். இன்றைக்கு நீங்கள் போவது நாளைக்கு அந்த ஒப்பந்தத்துக்கு வழி. முக்கியமாக ஒன்று: 'பணி நிமித்தம் அனுப்பப்படுகிறார்' என்று நிர்வாகத்தின் கடிதம் இல்லாமல் பட்டறைக்குள் கால் வைக்காதீர்கள். கையில் ஏதாவது பட்டுவிட்டால் நீங்கள் யார், எதற்கு அங்கே இருந்தீர்கள் என்ற கேள்விக்கு அந்த முதலாளியும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். தனிநபர் விபத்துக் காப்பீடும் எடுத்துவிடுங்கள்.

மேட்டூர்க்காரன், மெல்போர்ன்:

மேட்டூரில் பிறந்து, அங்கேயே அப்ரண்டிஸாக இருந்து, இப்போது ஆஸ்திரேலியாவில் டேஃப் எனப்படும் அரசுத் தொழிற்கல்லூரி ஒன்றில் ஃபேப்ரிகேஷன் ஆசிரியராக இருக்கிறேன். முதலில் அவசரமான விஷயம்.

பட்டறைக்கார அண்ணா, தீக்குச்சிச் சோதனையை மாணவர்கள் பார்த்துப் பழக விடாதீர்கள். காற்றில் ஆக்ஸிஜன் 21 சதவீதம். அது சுமார் 16 சதவீதத்துக்கு இறங்கினாலே குச்சி அணைந்துவிடும். உள்தடம் வெள்ளியாக வர ஆக்ஸிஜன் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவுக்காவது குறைய வேண்டும். உங்கள் மூத்தவர் குச்சி அணைந்த பிறகும் இன்னும் கொஞ்சம் பொறுத்திருப்பார், அவருடைய தடம் நன்றாக வருவது அந்தப் பொறுமையால். பையன் குச்சியை மட்டும் கற்றுக்கொள்வான், பொறுமையைக் கற்றுக்கொள்ள மாட்டான். ஆக்ஸிஜன் மீட்டரை வைத்து அளக்கப் பழக்குங்கள்.

இன்னொன்று. ஆர்கான் கனமானது என்று பேசினீர்களே, அதே கனம்தான் தொட்டிக்குள் ஆளைக் கொல்லும். நிறமில்லை, மணமில்லை, தொட்டியின் அடியில் தேங்கி நிற்கும். உள்ளே குனிந்தவருக்கு மூச்சு முட்டும் உணர்வுகூட வராது, நினைவு தப்பி விழுவார். காப்பாற்ற இறங்கியவரும் விழுவார். சேகோ தொட்டி வேலை செய்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன். ஞாயிறு வகுப்பில் 308எல் இரண்டாவது பாடமாக இருக்கட்டும், இது முதல் பாடமாக இருக்கட்டும்.

ஓமலூர் நண்பரே, இங்கே தொழிற்கல்வி ஆசிரியருக்குத் தொழில் தகுதி, கற்பிக்கும் தகுதி இரண்டோடு, தொழிற்துறையின் இன்றைய திறன் தன்னிடம் இருக்கிறது என்பதையும் காட்ட வேண்டும் என்று விதியே இருக்கிறது. பயிற்சி நிறுவனங்களைக் கண்காணிக்க 2011-இல் அமைக்கப்பட்ட ஆணையம் அதைத் தணிக்கையில் கேட்கும். கேட்பது நல்லதுதான். ஆனால் கண்காட்சிக்குப் போனதும் கருத்தரங்கில் உட்கார்ந்ததும்கூட 'தொழில் தொடர்பு' என்று கோப்பில் ஏறுவதை நான் பார்க்கிறேன். விதி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள். விதி இல்லாமலே நீங்கள் செய்யப்போவதுதான் அந்த விதியை எழுதியவர்கள் விரும்பியது. நான் விடுமுறைகளில் இங்கே ஒரு பட்டறைக்குப் போகிறேன், அங்கே கெட்டுப்போன துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்து வகுப்பில் வரிசையாக அடுக்கிவைத்திருக்கிறேன். நல்ல தடத்தைவிட மாணவர்கள் அவற்றின் முன்னால்தான் அதிக நேரம் நிற்கிறார்கள்.

ஏற்காடு எஸ்டேட் மெக்கானிக்:

மலைப் பிள்ளைகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள், அதனால் எழுதுகிறேன். எல்லாரும் கீழே இருக்கும் பட்டறைகளையே நினைக்கிறீர்கள். நவம்பருக்குப் பிறகு காப்பிப் பழம் வரும்போது ஒரு தடவை மேலே வாருங்கள். பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் மிஷினில் உருளைக்கும் எதிர்த் தகட்டுக்கும் இடைவெளி வைப்பது ஒரு தனி வேலை. நெருக்கினால் கொட்டை நறுங்கும், தளர்த்தினால் பழம் உரியாமல் அப்படியே போகும். பழத்தின் பருமன் மாற மாற இடைவெளியையும் மாற்ற வேண்டும். நறுங்கிய கொட்டை புளிக்கவைக்கும்போதே கெட்டுவிடும், விலை போகாது. எங்கள் பக்கத்துப் பையன்கள் இருவர் ஃபிட்டர் படித்தவர்கள். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் கையில் பிடிக்கத் தெரிகிறது, அதை இந்த மிஷினில் வைக்கலாம் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. ஃபிட்டர் பிரிவு பயிற்றுநர்கள் யாராவது இதைப் படித்தால் வாருங்கள், பருவம் முடிந்து மிஷினைக் கழற்றும்போது வந்தால் இன்னும் நல்லது. தங்க இடம் தருகிறோம்.

ஓமலூர் வெல்டிங் பயிற்றுநர்:

எல்லாருக்கும் நன்றி. ஐயா சொன்னபடியே கடிதம் எழுதி முதல்வரிடம் கொடுத்தேன். வேலைவாய்ப்பு என்ற சொல்லைப் பார்த்ததும் முழுவதும் படித்தார். பணி நிமித்தம் அனுப்பக் கையெழுத்துப் போட்டுவிட்டார், காப்பீட்டுக்குக் கட்டணம் கட்டுவதாகவும் ஒப்புக்கொண்டார். ஒரே நிபந்தனை, சேர்க்கைக்கு முந்தைய வாரம் நான் திரும்பிவிட வேண்டும்.

பட்டறைக்கார அண்ணா, நீங்கள் சொன்ன கணக்குக்குச் சம்மதம். முதல் ஞாயிறு தொட்டிக்குள் ஆர்கான், காற்றோட்டம், வெளியே ஓர் ஆள் காவல். இரண்டாவது ஞாயிறு உங்கள் மூத்தவரையே பாடம் நடத்தச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். அவர் குழாயை அடைத்துக் காட்டட்டும், ஒவ்வொரு அசைவுக்கும் ஏன் என்று அந்த அப்ரண்டிஸ் பையன் சொல்லட்டும், தப்பினால் நான் எடுத்துக்கொடுக்கிறேன். என் மாணவர்கள் சிலரையும் அன்றைக்கு அழைத்து வர அனுமதி கேட்கிறேன். ஒரு சந்தேகம்: வேலையில் மிஞ்சும் துண்டுக் குழாய்களைப் பழைய இரும்போடு போட்டுவிடுகிறீர்களா? கால் அடி நீளம் இருந்தாலும் எங்களுக்குப் போதும். முனைகளை அடைத்துப் பழக அதுவே வசதி, உள்ளே நிரப்ப ஆர்கானும் குறைவாகத்தான் ஆகும். எடைக்கு என்ன விலையோ அதை நானே கொடுத்துவிடுகிறேன்.

ஃபிட்டர் பிரிவு நண்பர் ஒருவருக்கு ஏற்காட்டு அண்ணாவின் பதிலைக் காட்டியிருக்கிறேன். அவர் தனியாகத் தொடர்புகொள்வார்.

கொண்டலாம்பட்டி பட்டறைக்காரர்:

திங்கள் எட்டு மணிக்கு வந்துவிடுங்கள். பருத்திச் சட்டை, தோல் ஷூ, உங்கள் ஹெல்மெட். துண்டுக் குழாய்க்கு விலை எல்லாம் வேண்டாம், மூட்டை கட்டி வைக்கிறேன், போகும்போது வண்டியோடு வாருங்கள். மாணவர்களை அழைத்து வாருங்கள், ஒரே நேரத்தில் ஆறு பேருக்குமேல் வேண்டாம், இடம் போதாது. ஆக்ஸிஜன் மீட்டர் எங்களிடம் இருக்கிறது, கம்பெனி வேலைக்கு மட்டும் வெளியே எடுப்போம். இனி அது மேஜை மேலேயே இருக்கும். மூத்தவரிடம் பாடம் நடத்த வேண்டும் என்று சொன்னேன். "எனக்கென்ன தெரியும்" என்றார், ஆனால் அன்று மாலையே பிரஷ்களைக் கழுவி, ஸ்டெயின்லெஸ்ஸுக்கு உரியவற்றுக்கு மட்டும் நீலப் பெயிண்ட் அடித்துவைத்துவிட்டார்.